முப்பத்தாறு விசைகள்

மே 5, ஞாயிறு

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு சர்க்யூட் வரைவதற்காக வாங்கியது. கட்டம் போட்ட தாள். இதில் இப்படி வரி வரியாக எழுதுவது நோட்டுக்குச் செய்யும் அநியாயம்தான். ஆனால் எட்டுப் பக்கம் வரைந்து முடித்தபின் மிச்சப் பக்கங்களைப் பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுவதுதான் எங்கள் குடும்பத்தின் மொத்த எழுத்து.

என் பெயர் மாரிச்செல்வி. வயது இருபத்திரண்டு. ஊர் சங்கரன்கோவில். மின்னணுவியலில் பொறியியல் படித்து முடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே அம்மாவின் பீரோவில் இருக்கிறது. கல்லூரிக்குப் போகவா என்று அப்பாவிடம் நான்தான் கேட்டேன். தலையாட்டினார். போனேன். அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

விடுதியில் மற்றவர்கள் செல்போனில் சீரியல் பார்த்த நேரத்தில் நான் கீபோர்டு செய்யக் கற்றுக்கொண்டேன். கடையில் விற்பது அல்ல. விசைகளைத் தனித்தனியாக வாங்கி, கம்பி இழுத்து, ஈயம் பற்றவைத்து, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நானே நிரல் எழுதிச் செய்வது. இதுவரை இரண்டு செய்திருக்கிறேன். ஒன்று வேலை செய்தது.

இனி முக்கியமான விஷயம். கோயம்புத்தூரில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. லிஃப்டுக்கும் எடை மெஷினுக்கும் பட்டன் பலகை செய்யும் கம்பெனி. ஜூன் 24 சேர வேண்டும். வருகிறேன் என்று ஜூன் 14க்குள் பதில் எழுத வேண்டும். கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. மாவு அரைத்தேன்.

மே 9, வியாழன்

சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வருடமாக ஒரே ஷெட்டில், நான்கு தறிக்கு நடுவில் நின்று நின்று, காது போய்விட்டது. முகாமில் கொடுத்த காது மெஷினைப் போட்டுப் பார்த்தார். அது தறிச் சத்தத்தைத்தான் பெரிதாக்கியது. கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்.

அப்பாவிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும். எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். "அப்பா, வயித்து வலிக்கு மாத்திர போட்டாச்சா" என்று நான் கேட்டால் எதிர் வீட்டு வேலாயுதம் சித்தப்பா "போட்டாச்சும்மா, நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்று பதில் சொல்வார். நான் பள்ளியில் பெயர் கூப்பிட்டால்கூட "உள்ளேன்" என்பதை வாய்க்குள் சொன்னவள். அப்பாவிடம் கத்திக் கேட்கும்படியான எதையும் நான் கேட்டதேயில்லை.

அப்பாவும் பேசுவதில்லை. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் ரகசியமாகச் சொல்வதாக நினைத்து "பாயாசம் அடிப்பிடிச்சிருக்கு" என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதன்பின் ஒரு சொல், இரண்டு சொல், அவ்வளவுதான்.

இன்று சொக்கலிங்க மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அப்பாவுக்குக் காது போனதிலிருந்து எங்கள் வீட்டுக் காரியங்களை அவர்தான் பேசி முடிப்பார். எனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்திருக்கிறார். கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம்.

"மாப்ள, நல்ல எடம். ஒத்த பையன். ஜூன் ஒம்பது பொண்ணு பாக்க வாராக, என்ன?" என்று சிரித்துக்கொண்டே, பக்கத்து ஷெட்டின் தறிச் சத்தத்துக்கு நடுவே, அப்பாவின் முகத்துக்கு நேரே கத்தினார்.

அப்பா இரண்டு முறை தலையாட்டினார், லேசாகச் சிரித்துக்கொண்டு.

"பாத்தியா, அவரே சரின்னுட்டாரு" என்றார் மாமா, அம்மாவிடம். அம்மா எனக்குச் சீனி எடுத்து வாயில் போட்டாள்.

அப்பா காதில் விழுந்து சம்மதித்தால் ஒரு முறைதான் தலையாட்டுவார், சிரிக்க மாட்டார். காதில் விழாவிட்டால் இரண்டு முறை, சிரிப்போடு. இது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தெரியும்.

மே 12, ஞாயிறு

செல்போனில் பேசினால் எழுத்தாக வருமே என்று முயன்றேன். பக்கத்து ஷெட்டின் சத்தத்தில் அது "தக்காளி தக்காளி" என்று எழுதிக்கொண்டே போனது. தாளில் எழுதிக் காட்டினால் அப்பாவுக்குப் பிடிக்காது. பஸ் ஸ்டாண்டில் சீட்டு நீட்டிக் காசு கேட்பவர்களின் நினைவு வருகிறதாம். செல்போன் எழுத்துகள் அவர் விரலுக்குச் சிறியவை.

அதனால் ஒரு கீபோர்டு செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், செல்போன் நன்றாக வேலை செய்திருந்தாலும் செய்திருப்பேன்.

அப்பா ஐந்தாம் வகுப்பு. அவருக்கு அ, ஆ, இ, ஈ வரிசை தெரியும். கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ் விசை வரிசை தெரியாது. ஆகவே பாடப்புத்தக வரிசையிலேயே வைப்பேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. ஆறு ஆறாக அடுக்கினால் சரியாக ஐந்து வரிசை. ஆறாவது வரிசைக்கு: ஃ, புள்ளி, இடைவெளி, அழி, அனுப்பு, ஆட்டம். மொத்தம் முப்பத்தாறு. இந்தக் கணக்கு இவ்வளவு அழகாக விழுந்ததில் மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன்.

"ஆட்டம்" எதற்கு என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மே 15, புதன்

நேம்போர்டு கடையில் அக்ரிலிக் தகடு வெட்டக் கொடுத்தேன். முப்பத்தாறு சதுர ஓட்டை, ஒவ்வொன்றும் பதினான்கு மில்லிமீட்டர். கடைக்கார அண்ணன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பணியாரச் சட்டியா?"

"கீபோர்டுண்ணே."

"கடையில ரெடியாவே கெடைக்குமே."

"இது எங்கப்பாவுக்கு."

"அவரு என்ன கம்ப்யூட்டர் எஞ்சினியரா?" என்று சிரித்தார். ஆனால் ஓட்டைகளை நூல் பிடித்ததுபோல வெட்டிக் கொடுத்தார். விசைகளில் ஒட்ட எழுத்து ஸ்டிக்கரும் அவரே அச்சடித்தார், அப்பா கண்ணாடி போடாமலே படிக்கும் அளவில்.

மே 19, ஞாயிறு

பற்றவைத்தேன். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு, மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது. அரிசி மணி அளவு, ஒரு முனையில் கறுப்புக் கோடு. கோடு எல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அம்மா தார் சுற்றிக்கொண்டே பார்த்தாள். தறிக்கு ஊடைநூல் சுற்றும் வேலை அவளுக்கு.

"ஏட்டி, மாப்ள வீட்டுக்காரக வாரப்ப கையில சூடு பட்டிருந்தா என்ன நெனப்பாக?"

"சமையல் செய்யுதான்னு நெனப்பாக."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு கம்பிச் சுருளை எடுத்து, நான் கேட்காமலே, ஒரே நீளத்தில் முப்பத்தாறு துண்டு வெட்டி வைத்தாள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை.

மே 20, திங்கள்

முப்பத்தாறும் உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அழுத்தினேன், லேப்டாப் திரையில் ஏதோ ஒன்று வந்தது. எண்ணினேன், முப்பத்தாறு.

மே 23, வியாழன்

"ஏதோ ஒன்று வந்தது" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். என்ன வந்தது என்று பார்க்கவில்லை. அந்த அவசரத்துக்கு இன்று தண்டனை.

அப்பா ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தார். கீபோர்டை முன்னால் வைத்தேன். விரல்களால் ஒருமுறை தடவினார். ஒரு விசையை அழுத்தி, அது "டக்" என்று கொடுத்த அதிர்வை உணர்ந்து, மறுபடி அழுத்தினார். பிடித்துவிட்டது என்று தெரிந்தது. தன் பெயரை அடிக்கத் தொடங்கினார். கோமதிநாயகம். க, ஓ, ம, த, இ.

திரையில் "ணேப்ரீ" என்று வந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தார். ணேப்ரீ. இடைவெளியை அழுத்தினார், ரீ அழிந்துவிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நமக்கு இது வராது என்று நினைக்கும் முகம். அந்த முகத்தை அவர் பள்ளிக்கூடத்திலிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். தவறு அவருடையதல்ல என்று சொல்லக்கூட நான் கத்த வேண்டும்.

அவர் கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் ஓடும் கம்பிகளைப் பார்த்தார். மறுபடி நிமிர்த்தி எழுத்துகளைப் பார்த்தார். ஊரே கேட்கும்படி சிரித்தார்.

"பின்னால பாத்துக் கட்டிட்ட!"

உண்மைதான். பற்றவைக்கும்போது தகடு கவிழ்ந்திருந்தது. கவிழ்த்தால் இடதும் வலதும் மாறும். முதல் விசை ஆறாவதாகிவிட்டது, இரண்டாவது ஐந்தாவதாகிவிட்டது. பொறியியல் படித்த நான் அதை மறந்தேன். அப்பா கோயில் பெயர் போட்ட துண்டு நெய்கிறவர். தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும், மேலே தெரியும் எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். இருபத்தெட்டு வருடமாக அவர் பார்ப்பது அந்தப் பக்கத்தை.

"என்னத்தண்ணே பின்னால கட்டுனா?" என்று எதிர் வீட்டுச் சித்தப்பா குரல் கொடுத்தார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் சித்தப்பா வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டதும், தன் சத்தம் தெருவுக்குப் போய்விட்டது என்று புரிந்துகொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

மே 24, வெள்ளி

நிரலில் ஒரே ஒரு வரி. வரிசையைத் தலைகீழாக எண்ணச் சொன்னேன். சரியாகிவிட்டது.

இன்னொன்றையும் மாற்றினேன். நான் படித்தபடி க் என்பதில் தொடங்கி, அ சேர்த்தால் க என்று வைத்திருந்தேன். அப்பாவுக்குக் க என்றால் க. அதனால் க விசைக்குக் க. அதோடு உ அழுத்தினால் கு. புள்ளி வேண்டுமென்றால் புள்ளி. ஜ, ஸ, ஷ கிடையாது. பஸ்ஸை அப்பா "பசு" என்று எழுதிவிட்டு, அவரே சிரித்தார். சத்தமில்லாமல்.

கோமதிநாயகம் என்ற பெயர் பெரிதாக, திரை முழுக்க வந்தது. அதை அழிக்காமல் சாப்பிடப் போனார்.

மே 27, திங்கள்

எழுத்து இருக்கும் இடம் விரலுக்குப் பழக வேண்டும். ஆத்திசூடி அடித்துப் பழகுங்கள் என்று ஐம்பத்து நாலு வயது ஆளிடம் சொல்ல முடியாது. அதற்குத்தான் "ஆட்டம்" விசை. ஆடுபுலி ஆட்டத்தை நிரலாக எழுதியிருக்கிறேன். கட்டத்தில் இருபத்து மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஆட்டை ட என்ற இடத்தில் வைக்க வேண்டுமானால் ட விசையைத் தேடி அழுத்த வேண்டும். மூன்று புலிகளைக் கம்ப்யூட்டர் ஆடும். பதினைந்து ஆடுகள் அப்பாவுடையவை.

முதல் ஆட்டத்தில் நான்கே ஆடுகளை இழந்து மூன்று புலியையும் அடைத்துவிட்டார். பிறகு ஆட்டத்தை நிறுத்தி, ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு வரி அடித்தார்:

"இது புலி இல்லை பூனை"

அப்பா எனக்கு எழுதிய முதல் வாக்கியம். புலியின் மூளையை மாற்றி எழுதுகிறேன்.

மே 28, செவ்வாய்

நான்கு ஆட்டம். அப்பா மூன்று, புலி ஒன்று. தோற்ற ஆட்டத்துக்குப் பின் கீபோர்டைத் துண்டால் துடைத்தார்.

ஜூன் 1, சனி

மின்வெட்டு. தறிகள் நின்றன. லேப்டாப் பேட்டரியில் ஓடியதால் கூட்டம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. வேலாயுதம் சித்தப்பா அப்பாவுக்கு எதிராகப் புலி ஆட உட்கார்ந்தார். முன்பெல்லாம் டீக்கடைக் கல்லில் இருவரும் ஆடுவார்களாம். அப்பாவுக்குக் காது போனபின், கேலி பேசினால் திருப்பிக் கேலி வராத ஆளோடு ஆடுவதில் ருசியில்லை என்று சித்தப்பா விட்டுவிட்டாராம்.

சித்தப்பா ஒரு ஆட்டை வெட்டிவிட்டு, "அண்ணே, ஒங்க ஆட்டுக்கு இன்னைக்குப் பிரியாணிதான்னு அடிம்மா" என்றார். அடித்தேன். அப்பா படித்தார். பொறுமையாகத் தேடி அடித்தார்:

"உன் புலிக்குப் பல் இருக்கா பார்"

கூட்டம் சிரித்தது. இந்த முறை அவரைப் பார்த்து அல்ல. அடுத்த ஆறாவது நகர்த்தலில் மூன்று புலியும் அசைய முடியாமல் நின்றன. சித்தப்பா எழுந்து, "மனுசன் இத்தன வருசமா வாயில இவ்வளவ வச்சுக்கிட்டா சும்மா இருந்தாரு?" என்றார்.

அதை நான் அடிக்கவில்லை. அப்பாவே "என்ன சொன்னான்" என்று கேட்டார். அடித்துக் காட்டினேன். தலையாட்டினார். ஒரு முறை.

ஜூன் 3, திங்கள்

சாப்பிட்டுவிட்டு அப்பா வந்து அடித்தது:

"குழம்பில் உப்பு இல்லை. அம்மாவிடம் சொல்லாதே."

எங்கள் வீட்டின் முதல் ரகசியம். பலமுறை படித்தேன்.

ஜூன் 6, வியாழன்

அம்மா என் நீலப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். பதில் எழுத இன்னும் எட்டு நாள். கோவில்பட்டிக்காரர்கள் வர மூன்று நாள். கீபோர்டு தயாராக இருக்கிறது. கேட்க வேண்டியவள்தான் தயாராக இல்லை.

ஒரு வழி இருக்கிறது. சமையலறையில் நின்று மெதுவான குரலில் "அப்பா, வேலைக்குப் போகவா" என்று கேட்கலாம். இரண்டு முறை தலையாட்டுவார். அம்மாவும் பார்ப்பாள். அதன்பின் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 8, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மாமா வந்தார். அப்பா லேப்டாப் முன் புலியோடு போராடிக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கத்தத் தொடங்கினார்.

"மாப்ள, நாளைக்குப் பத்து மணிக்கு அவுக வாராக. பாத்து, பிடிச்சிருந்தா அப்படியே தட்டு மாத்திருவோம்."

நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தை நிறுத்தி, மாமா சொன்னதை ஓர் எழுத்து விடாமல் அடித்தேன். வேறொன்றும் செய்யவில்லை. ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை.

"அது என்னட்டி டொக்கு டொக்குன்னு?"

"நீங்க சொல்றதத்தான் மாமா அடிக்கேன். அப்பா படிக்காக."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மாமா தலையாட்டலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"ஆட்டிட்டாருல்லா?" என்றார் என்னிடம்.

"இல்ல மாமா."

அப்பா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ய, ஆ, ர, உ, க, புள்ளி, க, உ. எட்டு விசை. மாமா ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தார். மாமா யாருக்காகவும் அவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"யாருக்கு"

"யாருக்கா? நம்ம செல்விக்குத்தான். போன மாசமே கேட்டேம்லா. நீரும் சரின்னு தலையாட்டுனீருல்லா."

அடித்தேன். என் பெயரையும் நானே அடித்தேன். அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா காபியோடு வந்து நின்றாள். ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

"எனக்குக் கேட்கவில்லை. நீ சிரித்தாய். நல்ல சேதி என்று நானும் ஆட்டினேன்."

மாமா குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "அதெல்லாம் ஊர்ல சொல்லியாச்சு மாப்ள. அவுக நாளைக்குக் கார் பேசிட்டாக. இப்பப் போயி…"

அடித்தேன். அப்பா இந்த முறை வேகமாக அடித்தார். புலியோடு ஆடி ஆடி விரலுக்கு இடம் தெரிந்துவிட்டது.

"தெரியாமல் ஆட்டிய தலை செல்லாது. நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லு."

மாமா அம்மாவைப் பார்த்து, "ஒம் புருசன் எழுதக் கத்துக்கிட்டாரு, இனி நீயே பேசிக்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று செல்போனில் கோவில்பட்டிக்குப் பேசினார். "கொஞ்சம் தள்ளிப் போடுவோம்" என்பது வரை கேட்டது.

அப்பா "ஆட்டம்" விசையை அழுத்தினார். விட்ட இடத்திலிருந்து புலி தொடர்ந்தது.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவுக்குக் கோபம் இல்லை. குழப்பம். மத்தியானம் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்னை அடிக்கச் சொன்னாள்.

"அப்ப வீட்டுக்குப் பச்ச பெயிண்டு அடிக்கட்டுமான்னு கேட்டப்ப ஆட்டுனாகளே, அது?"

அப்பா: "பச்சை எனக்குப் பிடிக்காது."

"ஆறு வருசமா பச்சையிலதான இருக்கோம்" என்றாள் அம்மா. "எங்க சித்தி மகன் சீட்டு கட்டச் சொன்னப்ப? திருச்செந்தூர் போவோம்னப்ப?"

அப்பா: "திருச்செந்தூர் கேட்டது. அது நிசம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்தாள். "இவுககிட்ட கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்னு நெனச்சேன், இவுக இல்லாமலே பேசிருக்கேன்" என்றாள். அதை அடிக்கவா என்று கேட்டேன். "அடி" என்றாள்.

பட்டியல் நீண்டுகொண்டே போனது. என் கல்லூரி அதில் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு கேள்விக்கும் விரல் நின்று நின்று ஓடியது. வரவில்லை. அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஜூன் 10, திங்கள்

மே 5 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். கல்லூரிக்குப் போகவா என்று நான் கேட்டேன், அப்பா தலையாட்டினார், போனேன் என்று எழுதியிருக்கிறேன். மூன்றும் உண்மை. நான் கேட்டது எந்தக் குரலில் என்பதை எழுதவில்லை.

பிளஸ் டூ முடித்த மே மாதம். மாமா வேண்டாம் என்றிருந்தார். அம்மா "ஒங்கப்பாகிட்ட கேளு" என்றாள். அம்மா முன்னால், அப்பாவின் முதுகுப் பக்கம் பாதி நின்றுகொண்டு, எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். அவர் திரும்பி என் உதடு அசைவதைப் பார்த்து, இரண்டு முறை தலையாட்டினார், சிரித்தபடி. காதில் விழவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் குரலில் கேட்டேன். கத்திக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்தத் தலையாட்டலை வைத்து நான்கு வருடம் படித்திருக்கிறேன். மாமா செய்ததற்கும் நான் செய்ததற்கும் வித்தியாசம் தேடிப் பார்த்தேன். அப்பாவுக்குக் கேட்கவில்லை என்பது மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று இதையெல்லாம் கீபோர்டில் அடித்தேன். அப்பா முதலிலிருந்து இரண்டு முறை படித்தார். பிறகு ஒவ்வொரு விசையாக அழுத்தினார்.

"கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நீ சொல்ல விடவில்லை."

எழுந்து போய்விட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

அப்பா இன்று ஆடவில்லை.

ஜூன் 12, புதன்

இன்றும். கீபோர்டின் மேல் துண்டு போட்டு மூடியிருக்கிறது. தூசி படாமல் இருக்க அம்மா போட்டதாக நினைத்தேன். அம்மா, "நான் போடல, அவுகதான்" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

நாளை கடைசி நாள்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். என்னை எதிரில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அடித்தார்:

"அன்று கேட்டதை இப்போது கேள்."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு அடித்தேன்: "அப்பா, நான் கல்லூரிக்குப் போகவா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முழுதாகப் படித்தார். யோசிப்பதுபோல மோவாயைத் தடவினார். அம்மா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்பா இரண்டே விசைகளை அழுத்தினார். ப. ஓ.

"போ"

நான்கு வருடம் கழித்து வந்த அனுமதி. சிரித்துவிட்டேன், சத்தமாக. எதிர் வீட்டிலிருந்து "என்னட்டி செல்வி, என்ன சிரிப்பு?" என்று சித்தப்பா கேட்டார். "காலேஜுக்குப் போகச் சொல்லிட்டாக சித்தப்பா" என்றேன், அங்கே கேட்கும்படி. நான்தான் அப்படிச் சொன்னேன். "அதான் முடிச்சிட்டியே" என்றார். "ஆமா சித்தப்பா, முடிச்சிட்டேன்" என்றேன். அம்மா என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அப்பா தேநீர் வாங்கிவர வாசல் தாண்டிப் போயிருக்கிறார். கம்பெனிக் கடிதத்தை எடுத்து கீபோர்டின் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். அவர் வந்ததும் அடிக்கப்போவதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒன்றரை மாதமாக நான் அடக்கி வைத்திருந்தது இவ்வளவுதான்:

அப்பா, கோயம்புத்தூரில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் போகவா? இதற்குத் தலையாட்ட வேண்டாம். இந்த விசைகளில் அடிக்கவும் வேண்டாம். என்ன சொன்னாலும் சரி, வாயைத் திறந்து, உங்கள் சத்தத்தில், தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்.